குலியட்ட

உங்கள் வீட்டில் சிங்களம் கதைத்தது யார்?

பொய் சொல்லாமல் யோசியுங்கள். நம்முடைய லேனில் ஒவ்வொரு தமிழ் வீட்டிலும் அப்படி ஓர் ஆள் இருந்தது. மீற்றர் பார்க்க வருகிறவருக்குக் கேற் திறக்க, தண்ணீர் பில்லுக்குச் சண்டை பிடிக்க, மீன்காரரிடம் விலை குறைக்க. எங்கள் வீட்டில் அந்த உத்தியோகம் என்னுடையது. தகுதி: வயது பத்து, லேன் கிரிக்கெட்டில் இருந்த ஒரே பெண் பிள்ளை.

போன கிழமை நம் லேன் வாட்ஸ்அப் குரூப்பில் உங்களில் ஒருவன் கேட்டிருந்தான்: "நீ ஏன்டி சொல்லாமக் கொள்ளாமக் காணாமப் போனாய்? லீவுக்கு ஊருக்குப் போயிட்டு வந்து பாத்தா உங்கட வீட்டைச் சுத்தித் தகரம் அடிச்சிருந்துது." நான் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டுவிட்டுத் தப்பினேன். ஆனால் கேள்வி போகவில்லை. நீங்கள் எல்லாம் ஸ்கார்பரோ, ஹரோ, மெல்பேர்ன் என்று போய் முடி கொட்டத் தொடங்கியாயிற்று. எனக்கும் இருபத்தாறு முடிந்துவிட்டது. லேன் கணக்கில் நாம் கிழடுகள்தான். ஆகவே சொல்கிறேன்.

வீடு ஞாபகம் இருக்கிறதா? காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கினால் இடது கையில் கடைசிக்கு முதல் வீடு. ரயில் போனால் யன்னலின் கண்ணாடிப் பட்டைகள் எல்லாம் குளிரில் பல் கிடுகிடுப்பதுபோல நடுங்கும். உப்புக் காற்றில் ஃபிரிட்ஜின் கால்கள் கரைந்து, அம்மா அதற்குக் கீழே செங்கல் வைத்திருந்தா. முற்றத்து ஜம்பு மரம்தான் நமக்கு விக்கெட். நடு அறையில் எட்டுப் பேர் இருக்கிற சாப்பாட்டு மேசை. நாங்கள் மூன்று பேர் அதன் ஒரு தலைப்பில் ஒட்டிக்கொண்டு சாப்பிடுவோம். மற்ற ஐந்து கதிரையிலும் பேப்பர், உடுப்பு, என் புத்தகப் பை.

மேசையும் வீடும் அப்பாவின் அப்பா வாங்கியவை. அவர் கொழும்பில் அரசாங்க உத்தியோகம் பார்த்தார். பெண்சாதி பிள்ளைகள் யாழ்ப்பாணத்தில். அந்தக் காலத்தில் ஒரு கிளார்க்கின் சம்பளம் கடற்கரையில் வீடு வாங்கியிருக்கிறது. நம்புங்கள். அப்பாவும் கிளார்க்தான். பம்பலப்பிட்டியில் மருந்து இறக்குமதி செய்கிற ஒரு தமிழ் முதலாளியின் ஒஃபிஸ். கடிதம் இங்கிலீஷில், கதை தமிழில். முப்பது வயதில் கொழும்புக்கு வந்த மனிதர், பஸ்ஸுக்கும் கடைக்கும் தேவையான ஏழெட்டுச் சிங்களச் சொற்களோடு நிறுத்திக்கொண்டார்.

அம்மா சிங்களத்தில் வாயே திறக்க மாட்டா. சந்தையில் விரலால் காட்டி வாங்குவா. ஆகவே எல்லாம் என் தலையில்.

என் சிங்களத்தின் தரத்தையும் சொல்லவேண்டும். அது லேனில் பொறுக்கியது. 'கஹப்பன்' என்றால் அடி. 'துவப்பன்' என்றால் ஓடு. அதற்கு மேல் இங்கே எழுத முடியாத ஒரு பத்துச் சொல். வேலையை ஆறு வயதிலேயே தொடங்கியாயிற்று; அப்போது மீற்றர் பார்க்க வந்த ஐயா, "தாத்தா இன்னவாத?" என்று கேட்டார், தாத்தா இருக்கிறாரா என்று. சிங்களத்தில் தாத்தா என்றால் அப்பா என்று எனக்கு யார் சொன்னது? எங்கள் தாத்தா போய்ச் சேர்ந்து இரண்டு வருடம். "தாத்தா மெருணா" என்றேன், செத்துப்போனார் என்று. மனிதர் தொப்பியைக் கழற்றிவிட்டார். அந்த நேரம் பார்த்து அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பல் தேய்த்தபடி வெளியே வந்தார். இந்தக் கதையை அப்பா வருகிற போகிற எல்லோருக்கும் சொல்லிச் சிரித்தார். சிரித்துவிட்டு அதே வேலையை எனக்கே திரும்பத் தந்தார்.

சம்பள நாளில் அப்பா காலி வீதிக் கடையில் நாலு மட்டன் ரோல்ஸ் வாங்கி வருவார். மூன்று பேருக்கு நாலு. நாலாவதை அம்மா மூன்றாக வெட்டுவா. நடுத் துண்டு எனக்கு, இறைச்சி அதற்குள்தான் இருக்கும். அப்படி ஒரு ரோல்ஸ் நாளில்தான் கனடாவிலிருந்து பெரியப்பா ஃபோன் எடுத்தார். அப்பா ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, வெள்ளவத்தையில இப்ப ஒரு பேர்ச் காணி என்ன விலை போகுதெண்டு தெரியுமே? நீ அதுக்குள்ள படுத்திருந்து என்ன செய்யப் போறாய்?"

"நாங்கள் இருக்கிறமெல்லோ அண்ணை."

"இருக்கிறாய், சரி. அப்ப என்ர பங்கையும் தங்கச்சியின்ர பங்கையும் நீயே எடு. நாங்கள் வேண்டாமெண்டே சொல்லுறம்?"

தங்கச்சி என்றால் லண்டனில் இருக்கிற என் அத்தை. வீடு மூன்று பேருக்கும் பொது. அப்பா ரோல்ஸைக் கையில் வைத்துக்கொண்டு, "பாப்பம் அண்ணை" என்றார். ஃபோனை வைத்த பிறகு நான் கேட்டேன்:

"உங்கட சம்பளத்தில ஒரு பங்கு வாங்க எவ்வளவு காலம் செல்லும், அப்பா?"

"உன்ர பேரப்பிள்ளை வேலைக்குப் போகும்வரைக்கும்."

"ரோல்ஸ் வாங்காம விட்டா?"

"விட்டா? கேற்றை மட்டும் வாங்கலாம்."

அம்மா சிரிக்கவில்லை. "கேற் போதும், கேற்றில படுப்பம்" என்று பிளேட்டை எடுத்துக்கொண்டு போனா.

பிறகு புரோக்கர் வந்தார். வெள்ளை ஷேர்ட், காதில் எப்போதும் ஃபோன். அவர் கூட்டிவந்த ஆட்கள் எங்களைத் தாண்டி நடந்தார்கள். சுவரைத் தட்டினார்கள். குழாயைத் திறந்து, மூடாமல் போனார்கள். ஒரு அன்ரி என் கட்டிலைக் காட்டி, "இந்த ரூமை உடைச்சா ரெண்டு கார் விடலாம்" என்று புருஷனுக்குச் சொன்னா. நான் அந்தக் கட்டிலில் இருந்தேன். அந்த நாட்களில் நான் விளையாட வரவில்லை என்று நீங்கள் கேற்றில் வந்து கத்துவீர்கள். யாராவது வந்தால் மொழிபெயர்க்க வேண்டும் என்று அப்பா என்னை மேசையடியில் இருத்தி வைத்திருந்தார். ஜம்பு மரத்தில் பந்து படும் சத்தம் கேட்கும். யார் ஔட் என்று சத்தத்தை வைத்தே சொல்வேன், எனக்கே.

அப்படி வந்தவர்களில் ஒருவர்தான் அந்த அங்கிள். சிங்களவர், ராகமையிலிருந்து வந்தார். ரயில் ஓட்டி ரிட்டையர் ஆனவர். இங்கிலீஷ் பெரிதாக வராது. அவுஸ்திரேலியாவில் இருக்கிற மகனுக்காக வீடு தேடினார், காசு மகனுடையது. முதல் முறை புரோக்கரோடு வந்தபோது அவர் சுவர் தட்டவில்லை. பின்வளவில் போய் நின்றார். ரயில் வருகிற சத்தம் கேட்டதும் கண்ணை மூடிக்கொண்டு, "மாத்தற" என்றார், அது மாத்தறைக்குப் போகிற ரயில் என்று. மணிக்கூட்டைப் பார்த்து, பிந்திவிட்டது என்று தலையாட்டினார். எனக்கு அந்த ஆளை அங்கேயே பிடித்துவிட்டது. விலையும் சரிவந்தது. பெரியப்பாவும் ஓம் என்றார். எழுத்து வேலை மட்டும்தான் பாக்கி.

அடுத்த ஞாயிறு பின்னேரம் அங்கிள் தனியே வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். புரோக்கருக்குச் சொல்லாதே என்று உதட்டில் விரல் வைத்துக் காட்டினார். அப்பா அவரை மேசையில் இருத்தினார். அம்மா பிளேன்ரீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவு நிலையோடு நின்றா. நான் இரண்டு பேருக்கும் நடுவில்.

அங்கிள் என்னைப் பார்த்து ஆறுதலாகச் சொன்னார். மகன் வர இன்னும் ஐந்தாறு வருடம் ஆகும். தன் மனுசி ராகமையை விட்டு வர மாட்டா. வீடு சும்மா பூட்டிக் கிடக்கும். இவ்வளவும் எனக்கு விளங்கியது; அப்படியே அப்பாவுக்குச் சொன்னேன். பிறகு மேசையைக் கையால் தடவி, வீட்டைச் சுற்றிக் காட்டி, இதைச் சொன்னார்:

"ஏ நிசா ஒயாலா மெஹெம இன்ன, துவ. குலியட்ட இன்ன புளுவன்."

ஏ நிசா: ஆகவே. ஒயாலா: நீங்கள். மெஹெம: இப்படியே. இன்ன: இருங்கள். புளுவன்: முடியும், இது எல்லோருக்கும் தெரியும். குலியட்ட? அந்த ஒரு சொல்லை லேனில் யாரும் கத்தியதில்லை. கிரிக்கெட்டில் அதற்கு வேலை இல்லை. ஆனால் எங்கேயோ கேட்ட சொல் மாதிரி இருந்தது.

"நாங்கள் இஞ்சயே இருக்கலாமாம், அப்பா."

அப்பாவின் முகம் மலர்ந்ததை நான் கண்டேன். நான் வேலையை முடிக்கவேண்டாமா? முடித்தேன்.

"கூலிக்கு."

"என்னது?"

"கூலிக்கு இருக்கலாமாம்."

"வடிவாக் கேள் பிள்ளை."

நான் அங்கிளிடம் திரும்பி, "குலியட்ட?" என்றேன். அவருக்குச் சந்தோஷம், பிள்ளைக்கு விளங்கிவிட்டது என்று. "ஒவ், ஒவ். குலியட்ட. பொடி கானக்கட்ட." விரலால் சின்ன அளவு காட்டினார்.

"சின்னக் கூலிதானாம்" என்றேன்.

என்னை மட்டும் பிழை சொல்லாதீர்கள். அப்பாவுக்கும் காது இருந்தது. தன் காதால் கூலி என்று கேட்டார். கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார்.

"என்ர அப்பா வாங்கின மேசையில இருந்து தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு, என்னைக் கூலிக்கு வைக்கப் பாக்கிறாரோ? வாச்சர் வேலைக்கோ? எனக்கு? மனுசியை என்ன, கூட்டிக் கழுவவோ?"

"இஞ்சருங்கோ, அவர் சொன்னது..." என்று அம்மா கதவடியிலிருந்து தொடங்கினா.

"நீர் பேசாம இரும்."

அம்மா பேசாமல் இருந்தா.

"வீடு விக்கேல்லை எண்டு சொல்லு. எனக்கு விருப்பமில்லை எண்டு சொல்லு. சொல்லு பிள்ளை!"

சொன்னேன். "தாத்தா கெமதி நே. கே விகுணன்னே நே." பிழையே இல்லாத சிங்களம். என் வாழ்க்கையில் அவ்வளவு திருத்தமாக அதற்கு முதல் கதைத்ததில்லை.

அங்கிள் அப்பாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "எய், துவ?" என்றார். ஏன் மகள் என்று. அதற்கு என்னிடம் சிங்களம் இருக்கவில்லை. அவர் குடையை எடுத்துக்கொண்டு போனார். தேத்தண்ணீர் பாதி அப்படியே இருந்தது. வாழைப்பழத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வா என்று அப்பா என்னைத் துரத்தினார். அங்கிள் லேன் முடிவில், தண்டவாளம் ஓரமாக ஸ்டேஷனை நோக்கி நடந்துகொண்டிருந்தார். கொடுத்தேன். வாங்கினார். ஒரு பழத்தைப் பிய்த்து என் கையில் வைத்து, மூடிவிட்டார். நான் அதை அங்கேயே நின்று தின்றேன். தோலைக் கடல் கல்லுக்குள் எறிந்துவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

புரோக்கர் பிறகு வந்து என்ன நடந்தது என்று கேட்டார். அவருக்குத் தெரியாமல் வந்த விஷயத்தை எப்படிச் சொல்வது? தன்னைக் கூலிக்குக் கேட்டார்கள் என்று அப்பா வாயால் எப்படிச் சொல்வது? "சரிவரேல்லை" என்று முடித்துக்கொண்டார். அடுத்ததாக வந்தவர் ஃப்ளாட் கட்டுகிறவர். அவருக்கு வீடே தேவையில்லை, மண்தான் தேவை. ஒரு மாதத்துக்குள் வெளிக்கிடச் சொன்னார். அது ஓகஸ்ட் லீவு. நீங்கள் எல்லோரும் ஊரில். சொல்லிவிட்டுப் போக லேனில் ஒருவரும் இல்லை.

அப்பாவின் மூன்றில் ஒரு பங்குக்கு வெள்ளவத்தையில் ஒரு குளியலறை வந்திருக்கும். அதை வங்கியில் என் படிப்புக்கென்று போட்டுவிட்டார். டிகிரி அதில்தான் முடிந்தது. நாங்கள் கொட்டாஞ்சேனைக்கு வந்தோம். ஒரு கத்தோலிக்க அன்ரியின் வீட்டுக்குப் பின்னால் அனெக்ஸ். இரண்டு அறை, ஒரு குசினி, தனி மீற்றர். மேசை வாசலுக்குள் நுழையவில்லை. காலைக் கழற்றியும் பார்த்தார்கள். அப்பா அதை மருதானையில் பழைய சாமான் எடுக்கிறவருக்குக் கொடுத்தார். லொறியில் கால்கள் ஒரு பக்கம், பலகை ஒரு பக்கம் போனது. அதற்குப் பிறகு நாங்கள் மூன்று பேரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. அப்பா கட்டிலில், அம்மா குசினியில் நின்றபடி, நான் பின்படியில் பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு.

கொட்டாஞ்சேனையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காலையில் கோயில் மணி, துறைமுகத்திலிருந்து கப்பல் ஊதுகிற சத்தம், கொன்டேனர் லொறிகள். ஆனால் அந்தச் சத்தங்களை வைத்து யார் ஔட் என்று சொல்ல முடியாது. வீட்டுக்கார அன்ரி நல்லவ. "என்னா மகள், எந்த நேரமும் படியிலயே குந்திக்கிட்டு? உள்ள வந்து டீவி பாருங்களேன்" என்பா. போவேன். அன்ரியின் மகன் இத்தாலியில். அவவும் தனிதான். இரண்டு பேரும் ஒன்றும் கதைக்காமல் நாடகம் பார்ப்போம்.

எனக்குப் பதின்மூன்று வயது. ஒரு பின்னேரம் பாண் வாங்க அப்பாவோடு போனேன். எனக்கு அப்போதும் ஒரு பழக்கம், போகிற வழியில் காண்கிற போர்ட் எல்லாம் சத்தமாக வாசிப்பது. சிங்களம் அப்போது எனக்கு எழுத்தோடு தெரியும். பேக்கரிக்கு முன்னால் ஒரு கேற்றில் புதிய போர்ட். மேலே சிங்களம், நடுவில் தமிழ், கீழே இங்கிலீஷ். நான் மேலிருந்து வாசித்தேன்.

"குலியட்ட தீமட்ட."

அடுத்த வரியையும் அதே மூச்சில் வாசித்துவிட்டேன்.

"வாடகைக்குக் கொடுக்கப்படும்."

அப்பா நின்றார். நானும் நின்றேன். மூன்றாவது வரியை நான் வாசிக்கவில்லை. அப்பா வாசித்திருப்பார், இங்கிலீஷ்தானே. ஒரு திறீவீல் எங்களுக்கு ஹோர்ன் அடித்தது. அப்பா என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

"பாண் முடியப் போகுது. நட."

அவ்வளவுதான். வீட்டிலும் ஒன்றும் சொல்லவில்லை. திட்டவில்லை. ஆனால் அதன் பிறகு அப்பா ஒரு நாளும் என்னைச் சிங்களம் கதைக்கக் கூப்பிடவில்லை. மீற்றர் பார்க்க யாராவது வந்தால் தானே எழும்பிப் போவார். உடைந்த சிங்களத்தில் கையையும் காலையும் ஆட்டிக் கதைப்பார். நான் உள்ளே இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன். சரியான சொல் எனக்கு நாக்கு நுனியில் இருக்கும். சொல்ல மாட்டேன். கோபத்தில்தான் என்னை விலக்கிவிட்டார் என்று பல வருடம் நினைத்திருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. என்ன நினைக்கிறேன் என்று கேட்காதீர்கள்.

அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது என்றும் நினைத்திருந்தேன். காஸ் இல்லாத அந்த வருடம் ஞாபகம் இருக்கும், அங்கிருந்து நீங்கள் நியூஸில் பார்த்திருப்பீர்கள். நானும் அம்மாவும் வெறும் சிலிண்டரோடு காலை ஐந்து மணியிலிருந்து கியூவில். பதினொரு மணி வெயிலில் முன்னால் நின்ற சிங்களப் பெண்மணி அம்மாவிடம் ஏதோ கேட்டா. அம்மா பதில் சொன்னா. சிங்களத்தில். சின்னப் பிழைகளோடு, ஆனால் ஓடுகிற சிங்களம். பத்து நிமிடம் கதைத்தார்கள்.

"அம்மா! உங்களுக்குச் சிங்களம் தெரியுமே?"

"ஏன் தெரியாம? கலியாணத்துக்கு முதல் நாங்கள் மூண்டு வருசம் பாமன்கடையில ஒரு ஐயாட வீட்டில ரூம் எடுத்தெல்லோ இருந்தனாங்கள்."

ரூம் எடுத்து. வாடகைக்கு.

"அப்ப அண்டைக்கு அந்த ரயில் அங்கிள் சொன்னது..."

அம்மா சிலிண்டரைக் காலால் ஓர் அடி முன்னுக்குத் தள்ளினா. "விளங்கினதுதான்."

"பிறகேன் சொல்லேல்லை?"

"சொல்ல வெளிக்கிட்டன். பேசாம இரும் எண்டார். இருந்தன்."

"அவர் போன பிறகாவது? அடுத்த நாள்?"

"அடுத்த நாள் சொன்னா உன்னையெல்லோ போட்டு அடிச்சிருப்பார். அந்த ஆளின்ர விலாசமும் எங்களிட்ட இல்லை." கியூவின் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டே, "எனக்கும் ரோசம் வந்ததுதான்டி. ஒரு நாளாவது நான் சொல்லுறதக் கேக்கட்டுமே எண்டு பாத்தன். அவர் கேக்கேல்லை" என்றா.

அன்று எங்களுக்குக் காஸ் கிடைக்கவில்லை. எங்களுக்கு முன்னால் இன்னும் நாற்பது பேர் நிற்கும்போதே முடிந்துவிட்டது. சிலிண்டரை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு வந்தோம். வீட்டில் அப்பா, "கிடைச்சுதோ?" என்றார். "இல்லை" என்றா அம்மா. மூன்று பேருக்கும் தெரிந்த ஒரு விஷயம் இரண்டு அறைக்குள் இவ்வளவு வருடம் இருந்திருக்கிறது. யாரும் மற்றவருக்குச் சொல்லவில்லை. இன்னும்தான். நான் இதை எழுதுவதுகூட உங்களுக்குத்தான், அவர்களுக்கு இல்லை.

அப்பா ரிட்டையர் ஆகிவிட்டார். இப்போது சம்பளம் என்னுடையது. ஒருகொடவத்தையில் ஒரு கொன்டேனர் கம்பனியில், நாள் முழுக்க மூன்று பாஷையிலும் ஃபோனில் கத்துகிற வேலை. சிங்களம் நல்லாக் கதைக்கிறேன் என்றுதான் என்னை எடுத்தார்கள். போன மாதம் சும்மா ஒரு ஆசைக்கு நம்முடைய லேனில் எழும்பிய அந்த ஃப்ளாட்டுக்கு ஃபோன் பண்ணி விசாரித்தேன். மூன்றாம் மாடி, இரண்டு அறை, கடல் பக்கம். என் முழுச் சம்பளத்தையும் கொடுத்தாலும் மாதத்தில் பதினெட்டு நாள் இருக்கலாம். மற்றப் பன்னிரண்டு நாளும் எங்கே போவது என்று அந்த ஆளிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை.

வீட்டுக்கார அன்ரியின் மகன் இத்தாலியிலிருந்து குடும்பத்தோடு திரும்பி வருகிறான். அன்ரி இதைச் சொல்லும்போது அழுதா. நான்தான் தேற்றினேன். இரண்டு மாதத் தவணை தந்தா. நான் இதுவரை பதினொரு இடம் பார்த்துவிட்டேன். அப்பா ஒன்றுக்கும் கூட வரவில்லை. அம்மா எல்லாவற்றுக்கும் வந்தா, ஒன்றுக்கும் அபிப்பிராயம் சொல்லவில்லை.

முப்பதாம் திகதி சாவியைக் கொடுக்கவேண்டும். இன்று இருபத்திரண்டு. இன்னும் இடம் சரிவரவில்லை.